சாமியார் வராத கார்த்திகை

ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் இளையரசனேந்தலைச் சுற்றியுள்ள கரிசல்காட்டில் நடப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எட்டு வைக்க வைக்கக் காலில் மண் அப்பும். நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று குச்சியால் வழித்துப் போட வேண்டும். வண்டி அச்சுவரை இறங்கும், மாடு முட்டி போட்டுவிடும். கோவில்பட்டியிலிருந்து தார் ரோட்டில் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. கிறிஸ்தவர்களின் ஆகமன காலம் இந்த மழைக்குள்தான் வருகிறது. நவம்பர் 30, அந்திரேயார் திருநாளை ஒட்டிய ஞாயிற்றில் தொடங்கி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்வரை, 22 முதல் 28 நாள். இப்போது கோயிலில் திருவருகைக் காலம் என்று வாசிக்கிறார்கள். என் வாயில் பழைய பேர்தான் வருகிறது.

எங்கள் பக்கத்து வேதக்காரர்கள் அந்த நாட்களில் ராத்தோறும் செய்துவந்த ஆத்தும சோதனையின் கதையை இந்தச் சேற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது இங்கே வேர் பிடித்ததற்குக் காரணம், சாமியார் வர முடியாமல் போன மாதங்கள்.

இளையரசனேந்தல் பழைய ஜமீன் ஊர். நெடுங்காலம் சங்கரன்கோவில் தாலுகா, திருநெல்வேலிச் சீமை. பிறகு கோவில்பட்டித் தாலுகாவோடு சேர்த்துத் தூத்துக்குடி மாவட்டம் என்றார்கள். எங்கள் வீட்டுப் பத்திரங்களில் ஒரே நிலம் இரண்டு மாவட்டத்தில் கிடக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊரில் வேதக்காரர் வீடுகள் கொஞ்சம்தான். மனசில் தாய்க்கோயில் என்றிருப்பது கோவில்பட்டிக்குத் தென்மேற்கே உள்ள காமநாயக்கன்பட்டி. ஆகஸ்டு 15 பரலோக மாதா திருநாளுக்குச் சாதி மதம் பாராமல் இந்த வட்டாரமே அங்கே திரளும். 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்கள் காலூன்றிய இடம் அது. 1680-ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, 1711 வாக்கில் தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் தம் தொடக்க காலத்தில் பணி செய்ததும் அங்கேதான். ஏலாக்குறிச்சியும் தேம்பாவணியும் அதற்குப் பிந்தியவை.

அந்தக் குருக்களின் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு குருவின் கையில் ஊர் ஊராகக் கிராமங்கள். இடையில் பாளையக்காரர்களின் சண்டை, பஞ்சம், திருடர் பயம், அவ்வப்போது வேதகலாபனை. 1714, 15 வாக்கில் எழுந்த ஒரு கலாபனையில் வீரமாமுனிவர் மரண தண்டனை வரை போய்த் தப்பினார். ஒரு கிராமத்துக்குச் சாமியார் வருஷத்தில் ஒருமுறை வந்தால் பெரிசு. அது பெரும்பாலும் வெயில் காலமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கரிசல்காட்டைத் தெரிந்த எவனும் கார்த்திகையில் பயணம் வைக்கமாட்டான். ஆக, திருச்சபை ஒரு வருஷத்தைத் தொடங்குகிற முதல் ஞாயிறே எங்கள் ஊர்களில் பூசை இல்லாத ஞாயிறு.

பூசை இல்லை என்றால் பாவசங்கீர்த்தனமும் இல்லை. வருஷத்தில் ஒருமுறையாவது அதைச் செய்தே தீர வேண்டும் என்று 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. எங்கள் பக்கத்தில் அந்த ஒருமுறையே சாமியார் வருகிற நாளைப் பொறுத்தது. வருகிறவர் ஓரிரு நாள் தங்குவார். அதற்குள் ஊர் முழுக்கப் பாவம் சொல்லி முடிக்க வேண்டும். வரிசையில் நின்றபிறகு யோசித்துக்கொண்டிருக்க முடியுமா? பத்து மாதத்துக்கு முன்னால் யார் வேலியை வெட்டினோம், யார் படியைக் குறைத்து அளந்தோம் என்பது நினைவில் நிற்க வேண்டும். நிற்க வைப்பதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் ராத்திரி செபத்தில் வந்து உட்கார்ந்தது.

அந்த வழிக்கு அச்சுப் புத்தகமே இருந்தது. தமிழில் அச்சான முதல் புத்தகங்கள் என்றால் 1578-ல் கொல்லத்தில் வந்த தம்பிரான் வணக்கத்தையும் 1579-ல் கொச்சியில் வந்த கிரிசித்தியானி வணக்கத்தையும் எல்லாரும் சொல்வார்கள். அவற்றை அச்சிட்ட அதே அண்டிரிக் அடிகளார், புன்னைக்காயலில் தமிழ் படித்த போர்த்துக்கீசர், 1580-ல் கொச்சியில் இன்னொன்றும் அச்சிட்டார். கொம்பெசியோனாயரு என்று பேர். முழுக்க முழுக்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கிற நூல். இது தொலைந்துபோனது என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் ஒரு பிரதி இருப்பதை 1980-களில் கிரஹாம் ஷா என்ற அறிஞர் எழுதித் தெரியப்படுத்தினார். இந்த வகை நூல்களின் முறை ஒன்றுதான்: பத்துக் கற்பனைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா என்று கேட்டுக்கொண்டே போவது. தமிழ் அச்சேறி மூன்று வருஷத்துக்குள், தமிழனைப் பார்த்து நாளைத் திரும்பிப் பார் என்று சொல்கிற புத்தகம் வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அண்டிரிக் அடிகளாரை இன்னும் பெரிசாகக் கொண்டாடலாம். நாம் ஏனோ முதல் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கேள்விப் பட்டியல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாளுக்குப் போதும். தினப்படி சோதனைக்கு இயேசு சபைக்காரர்களிடம் வேறு ஒரு கருவி இருந்தது. 1521-ல் பாம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்த இஞ்ஞாசியார் என்ற ஸ்பெயின் தேசத்துப் படைவீரர், அடுத்த வருஷம் மன்ரேசாவில் தங்கிக் குறித்து வைக்கத் தொடங்கியதுதான் பின்னால் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலாயிற்று. 1548-ல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அதற்கு அனுமதி தந்தார். அதில் சோதனை இரண்டு விதம். பொதுச் சோதனையில் ஐந்து படி: முதலில் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி, இரண்டாவது பாவத்தை அறியும் வரம் கேட்பது, மூன்றாவது எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக நாளைத் திரும்பப் பார்ப்பது, நான்காவது மன்னிப்பு, ஐந்தாவது நாளைக்குத் திருந்துவேன் என்ற முடிவு. நன்றி முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். குற்றப் பத்திரிகை வாசித்துக்கொண்டே தொடங்கினால் மனுஷன் இரண்டாம் நாளே விட்டுவிடுவான் என்று அந்தச் சிப்பாய்க்குத் தெரிந்திருக்கிறது.

மற்றது தனிச் சோதனை. ஒரே ஒரு குற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. காலையில் எழுந்ததும் அதை நினைத்து எச்சரிக்கையாவது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் எத்தனை தடவை விழுந்தோம் என்று எண்ணிப் புள்ளி வைப்பது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடியும். இதற்கு நூலிலேயே படம் உண்டு. ஏழு நாளுக்கு ஏழு வரிசை, வரிசைக்கு இரண்டு கோடு, மேல்கோடு மத்தியானம் வரைக்கும், கீழ்க்கோடு ராத்திரி வரைக்கும். விழுகிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கை வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. கோட்டைக் கோட்டோடும், நாளை நாளோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நான் இந்தப் படத்தைப் பாளையங்கோட்டையில் விடுதி மாணவனாக இருந்தபோது பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆச்சியின் அடுப்பங்கரைச் சுவர் அது.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காமநாயக்கன்பட்டிப் பக்கம் பிறந்து இளையரசனேந்தலில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டு அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் இரண்டு கணக்கு ஓடும். நிலையை ஒட்டி இருப்பது பால்கணக்கு: ஒரு உழக்குக்கு ஒரு கரிக்கோடு. அதற்குக் கீழே, குனிந்தால்தான் தெரியும் உயரத்தில், ஆகமன காலத்தில் மட்டும் இன்னொரு கணக்கு. இரண்டிரண்டு கோடாகப் படுக்கையாக இழுத்து அதன்மேல் புள்ளி. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு மேல்கோட்டில் வைப்பாள், படுக்கப் போகுமுன் கீழ்க்கோட்டில். அடுப்புக்கரியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் எண்ணி, டக் டக் என்று வைப்பாள். வைத்து முடித்துக் கையை முந்தானையில் துடைக்கமாட்டாள், அடுப்புச் சாம்பலில் தேய்த்துக்கொள்வாள். என்ன கணக்கு ஆச்சி என்று கேட்டதற்கு ஒருநாள் சொன்னாள்: "வஞ்சது. ஒங்கம்மைய, கோழிய, அடுத்த வீட்டுக்காரிய. எல்லாத்துக்கும் சேத்துத்தான்யா."

ஆச்சியின் வாய் ஊரறிந்த வாய். மண்ணை வாரி இறைத்து அவள் ஒரு சாபம் விட்டால் தெருவே கதவைச் சாத்தும். அவள் தேர்ந்தெடுத்த ஒரே குற்றமும் அதுதான். முதல் வாரம் புள்ளிகள் கோட்டை விட்டு வெளியே போகும். நான்காம் வாரத்தில் குறைந்துதான் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மழை விட்டுக் களை எடுக்கப் போகிற நாட்களில் கூடிவிடும். காட்டில் ஆள்கூலித் தகராறு. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த மூலையை மட்டும் அவளே அடிப்பாள்.

யார் சொல்லிக் கொடுத்தது? பிறந்த ஊர் உபதேசியார் என்பாள், அதற்குமேல் விவரம் கிடையாது. எனக்கு அந்தப் பதில் போதும். மதுரை மிஷனின் முதுகெலும்பு உபதேசியார்கள்தான். வருகிறவர் போகிறவர் சாமியார், இருக்கிறவர் உபதேசியார். ஞாயிறு செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானஉபதேசம் சொல்வது, சாகிற நிலையில் இருப்பவருக்கு மனஸ்தாப மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாமியார் வருமுன் ஊரைப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வது எல்லாம் அவர் வேலை. வீரமாமுனிவர் 1727-ல் வேதியர் ஒழுக்கம் எழுதியது இவர்களுக்காகத்தான். ஊருக்குச் சொல்கிறவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அந்த நூலின் அடிநாதம். அவருடைய பரமார்த்த குருவை வைத்துச் சிரிக்கிற நமக்கு இந்தப் புத்தகத்தின் பேர்கூடத் தெரியாமல் போனது வருத்தம்தான். அவருடைய உரைநடை எனக்கு அதிகம் பிடித்திருப்பது இதில்தான்.

ஆயத்தம் என்றால் நெஞ்சுக்குள் நினைத்துக்கொள்வதோடு முடியாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பாவமன்னிப்பு இல்லை என்பது திருச்சபையின் போதனை. கரிசல் கிராமத்தில் அதற்கு நேரடியான அர்த்தம் உண்டு. கடன் வாங்கிய கம்பு திரும்பிப் போக வேண்டும். வரப்பை நகர்த்தியவன் நகர்த்தி வைக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் டிசம்பர் இருபதுக்குமேல் தெருவில் இப்படி உட்கார்கிறவர்களைப் பார்த்தே கிறிஸ்துமஸ் கிட்டே வந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்வார்களாம். இந்த ஆத்தும சோதனையில் ரகசியம் என்பது பாதிக்கு மேல் இல்லை. ஊரும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஊரில் மற்றவர்களுக்கும் இது விநோதமாகப் படவில்லை. ஆகமன காலத்தில் ஆடம்பரக் கல்யாணம் கூடாது என்பது திரெந்து சங்கத்திலிருந்து வந்த ஒழுங்கு. மார்கழி பிறந்தால் ஊரிலும் கல்யாணம் கிடையாது. சங்கரன்கோவிலில் கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்ற தவசை ஆடியில் கொண்டாடுகிற வட்டாரம் இது. காத்திருந்து தரிசிப்பதை யாரும் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னும் பின்னால் போனால் கழுகுமலை இருக்கிறது. எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அந்த மலையில் சமணத் துறவிகள் பெரிய பள்ளி நடத்தினார்கள். பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்தில் குரவர்கள், குரத்தியர்களின் பேர். சமணத் துறவிக்கு விதித்த ஆறு நித்தியக் கடமைகளில் ஒன்று பிரதிக்கிரமணம்: பகலில் நடந்த தவறுகளை மாலையிலும், இரவில் நடந்தவற்றைக் காலையிலும் நினைத்து வருந்தி விலகுவது. இஞ்ஞாசியாருக்கு ஏழெட்டு நூற்றாண்டு முன்னாலேயே எங்கள் வெயிலில் காய்ந்த பாறையில் உட்கார்ந்து நாளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது என் நோக்கமில்லை. ரோமாபுரியில் செனேக்காவும் விளக்கை அகற்றி, மனைவியும் பேச்சை நிறுத்தியபின் தன் நாளைத் தானே விசாரித்ததாக எழுதியிருக்கிறார். மனுஷன் இருட்டினால் கணக்குப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

1759-ல் போர்த்துக்கல் தன் ஆட்சியிலிருந்து இயேசு சபையைத் துரத்தியது. 1773-ல் பாப்பரசரே சபையைக் கலைத்தார். புது மதுரை மிஷனாகப் பிரெஞ்சுக் குருக்கள் 1838-ல் வந்து சேரும்வரை இடைப்பட்ட தலைமுறைகளுக்குக் குரு என்பது அபூர்வம். கோவாவிலிருந்து சிலர் வந்தார்கள், போனார்கள். அத்தனை வருஷம் செபமும் சோதனையும் மனஸ்தாப மந்திரமும் உபதேசியார் வாயிலும் பெண்கள் வாயிலும்தான் பிழைத்துக் கிடந்தன. அதனால்தான் ஆச்சியின் புள்ளிக் கணக்கில் எனக்கு மரியாதை அதிகம். செம்பகனூர் நவசந்நியாச மடத்தில் மணியடித்துத் தினம் இரண்டு வேளை சோதனை செய்த இளைஞர்களுக்கு அது ஒழுங்கு. மணியும் மடமும் இல்லாத அடுப்பங்கரையில் அதே இரண்டு வேளையைக் கடைப்பிடித்தவள் அவள்.

பக்கத்திலேயே புராட்டஸ்டண்டுகள் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ராக்லாந்து ஐயர் 1854-ல் வடதிருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கினார்; 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். அவர்களிடம் பாவசங்கீர்த்தனத் தொட்டி கிடையாது. அதற்குப் பதில் ஆயத்த ஆராதனை. நற்கருணைக்கு முந்தின மாலையில் சபை கூடி, கற்பனைகளின்படி தன்னைத்தானே நிதானித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகமே அப்படிக் கேட்கிறது. ஆகமன காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த சி.எஸ்.ஐ. சம்பந்தி ஒருவர் ஆச்சியின் சுவரைப் பார்த்துவிட்டு, "கிரியையினால ரட்சிப்பு இல்லம்மா" என்றார். "ரட்சிப்புக்கு இல்லய்யா, வாயி அடங்கத்தான்" என்றாள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு காற்று மாறியது. 1966-ல் நோன்பு ஒழுங்குகள் தளர்ந்தன. ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற பேச்சு வீட்டில் குறைந்தது. ஆகமன காலத்தைத் தவக்காலத்தின் தம்பியாகப் பார்க்காமல் மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கும் காலமாகப் பார்க்கச் சொன்னார்கள். ஆத்தும சோதனையும் உருமாறியது. 1972-ல் ஜார்ஜ் ஆஷன்பிரென்னர் என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு, குற்றங்களை எண்ணுவதைவிட நாளின் ஓட்டத்தில் இறைவன் எங்கே இழுத்தார், நாம் எங்கே விலகினோம் என்று உணர்வதே சோதனை என்று கட்டுரை எழுதினார். உலகமெங்கும் தியானம் கொடுப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல கருத்துதான். நன்றியை முதல் படியாக வைத்த இஞ்ஞாசியாருக்கு அது விரோதமும் இல்லை. ஆனால் புள்ளி வைக்காத சோதனை சீக்கிரம் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். இன்று எனக்கு மனசு கொஞ்சம் கனமாக இருந்தது என்று சொல்லலாம். பங்காளியை ஏழு தடவை வைதேன் என்று சொல்லுவது வேறு. இரண்டாவதில் தப்பிக்க இடமில்லை.

இப்போது நாங்கள் பாளையங்கோட்டை மறைமாவட்டம், 1973-ல் ஏற்பட்டது. ரோடு இருக்கிறது, சாமியாரிடம் பைக் இருக்கிறது. கார்த்திகைச் சேறு யாரையும் நிறுத்துவதில்லை. திருவருகைக் காலத்தில் ஒருநாள் மாலை பாவமன்னிப்பு வழிபாடு வைக்கிறார்கள். அச்சடித்த தாளில் கேள்விகள் இருக்கும், பக்கத்துப் பங்குச் சாமியார்கள் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். கூட்டம் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஒருநாளோடு சரி. வழி சுலபமான பிறகு தினப்படிக் கணக்கு தேவைப்படவில்லை என்று சொன்னால் எங்கள் சாமியாருக்குக் கோபம் வருகிறது. அவர் போன வருஷம் வாட்ஸ்அப்பில் தினம் ஒரு கேள்வி அனுப்பினார். கேள்விகள் நன்றாகத்தான் இருந்தன. கீழே கைகூப்பும் படம் வரிசையாக விழுந்தது, என்னுடையதும் சேர்த்து.

இந்த வருஷம் அதை விட்டுவிட்டு, நாலு நாலு வீடாகச் சேர்ந்து ராத்திரி செபம் சொல்லுவோம், நடுவில் அஞ்சு நிமிஷம் பேசாமல் இருப்போம் என்று தீர்மானம் போட்டிருக்கிறார். நடத்துவதற்கு வீட்டுக்கு ஒருவர் பேர் கொடுக்க வேண்டும். உபதேசியார் என்று ஒருவர் எங்கள் ஊரில் இல்லாமல் போய் வெகுநாள் ஆகிறது. எங்கள் வீட்டிலிருந்து மருமகள் பேர் கொடுத்திருக்கிறாள். வேதியர் ஒழுக்கத்தின் பிரதியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனவள், பழைய தமிழ் ஓடமாட்டேன் என்கிறது, நீங்களே வாசித்துச் சொல்லுங்கள் மாமா என்கிறாள். தினம் ராத்திரி ஒரு பக்கம் என்று ஆரம்பித்திருக்கிறோம்.